நாத்தனாரின் நவநாள்

என் நாத்தனார் அந்தோணியம்மாள் செபம் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் இருக்கிற பருப்பு அடிபிடித்துவிடும். நான் மிகைப்படுத்தவில்லை. போன வருஷம் எங்கள் வீட்டுக்குப் புது கேஸ் அடுப்பு வாங்கினோம். "ஒரு சின்ன செபம் சொல்லித் தொடங்குவோம்" என்றார். பருப்பை ஏற்றிவிட்டுத் தலை குனிந்தவள் நான், நிமிர்ந்தபோது சமையலறை முழுக்கப் புகை. அக்கா அப்போதுதான் அந்த அடுப்பைச் செய்த தொழிற்சாலை ஆட்களின் குடும்பங்களுக்காக மன்றாடிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய சந்தனசாமியின் மூத்த பிள்ளை. கடைசிப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர் பிரெட்ரிக். இரண்டு பேருக்கும் நடுவே ஒன்பது வயது. பிரெட்ரிக்குக்கு இரண்டு வயதாகும்போது அம்மா இறந்துவிட, பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டவர் அக்கா. பிறகு குளுவாங் பட்டணத்துக்கு வந்து ஒரு சீனப் பள்ளியில் இருபத்தேழு வருஷம் கூட்டிப் பெருக்கினார். முப்பத்தைந்தில் கல்யாணம், நாற்பத்தொன்றில் தனிமரம், பிள்ளை இல்லை. இதை எல்லாம் அவர் வாயிலிருந்து பிடுங்க எனக்கு இருபது வருஷம் ஆனது. தன் கதையைக் கேட்டால் அடுத்தவர் கதையைச் சொல்வார். யாருக்கு வேலை அனுமதி வரவில்லை, யார் மகள் கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாம் தடவையும் தோற்றாள், யார் வீட்டுப் பூனை நாலு நாளாகக் காணோம். அத்தனைக்கும் செபம் உண்டு.

அவர் செபத்தில் இன்னொரு தொல்லை, கடவுளுக்கு விவரம் முழுசாகக் கொடுப்பார். "ஆண்டவரே, கூலாயில இருக்கிற வலேரியை நினைச்சருளும். வீட்டு நம்பர் நாப்பத்தி ரெண்டு, மூணாவது ஜாலான், பச்சை கேட்டு" என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏங்கா, கடவுளுக்கு விலாசம் தெரியாதா?"

"தெரியும். நான் மறக்கலைன்னு அவருக்குத் தெரியணும்ல?"

நான் டயர் கடையில் கிளார்க். காலையிலிருந்து மாலை வரை 'இப்பவே வேண்டும்' என்று கத்துகிற லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவள். எனக்குப் பொறுமை கம்மி. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவேன், பாட்டுக்கு வாயசைப்பேன், திரும்பி வந்து மீன் கழுவுவேன். வீட்டில் செபத்துக்கு அக்கா இருக்கிறார், திட்டுவதற்கு நான் இருக்கிறேன் என்று ஒரு ஏற்பாட்டோடுதான் எங்கள் குடும்பம் ஓடியது.

அந்த ஏற்பாடு கெட்டது ஒரு முள்ளால். பிரெட்ரிக் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பத்து வருஷமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. தோட்டத்தில் இறங்கி நின்றபோது மட்டையின் முள் பூட்சைத் துளைத்து வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. இனிப்புநீர்க்காரருக்குக் காலில் உணர்ச்சி கம்மி, அதனால் குத்தியதே தெரியவில்லையாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். தெரிந்த பிறகாவது என்னிடம் சொன்னாரா? மஞ்சளை அப்பி, மேலே காலுறையை மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் லாரி ஓட்டியிருக்கிறார். கடைசியில் நான்தான் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தேன். காலுறையை உருவியபோது சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்திருந்தன.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் அல்ஃபியா சின்னப் பெண், முப்பது இருக்கும், தமிழிலேயே பேசினார்.

"அங்கிள், ரெண்டு விரல் செத்துப்போச்சி. இன்னிக்கே எடுத்துட்டா மிச்சப் பாதத்தைக் காப்பாத்திடலாம்."

பிரெட்ரிக் தலையாட்டினார். சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அந்தச் சாயங்காலம்தான் பார்வையாளர் நேரத்தில் அக்கா வந்தார். தனியாக வந்தாரா? கோவில் செபக்குழுவில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் யூதா ததேயு நவநாள் புத்தகம். யாராலும் ஆகாது என்று கைவிட்ட காரியங்களுக்கு எங்கள் ஆட்கள் ஓடுவது அந்தப் புனிதரிடம்தான். ஒன்பது நாள், நாளுக்கு ஒரு செபம். முதல் நாள் செபத்தை அங்கேயே தொடங்கினார்கள்.

"இந்தக் கால்ல கத்தி படக் கூடாது ஆண்டவரே!" என்று அக்கா குரலெடுத்ததும் வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் மீரா சாகிபு என்று ஒரு முதியவர், பாசார் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். அவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். எனக்கும் அப்படிச் செய்ய ஆசையாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அக்கா தம்பியின் கையைப் பிடித்துப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"நவநாள் முடியிற வரைக்கும் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லு தம்பி."

அவரும் சொன்னார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், நாற்பது டன் லாரி ஓட்டுகிறவர், கோவிலில் முதல் நன்மை வாங்க மந்திரம் படிக்கிற பிள்ளை மாதிரி ஒப்பித்தார். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வினை என்று புரியும். நேர்ந்துகொண்டால் நேர்ந்துகொண்டதுதான். நடுவில் விட்டால் சாமி குத்தம் என்று பிறர் சொல்வதை நாங்கள் வேறு வார்த்தையில் சொல்வோம், பயம் மட்டும் ஒன்றுதான்.

சனி, ஞாயிறு, திங்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். செபக்குழு வாட்ஸப்பில் எண்பத்து நாலு பேர். ஆளாளுக்குக் கூப்பிய கை, மெழுகுவர்த்தி, புறா. என் கைப்பேசி சூடேறி அணைந்துபோனது. வந்தவர்கள் எல்லாரும் "நம்பிக்கை வை ரீத்தா" என்றார்கள். நம்பிக்கை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட முடியாதா என்று கேட்டேன். ஒரு அம்மாள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, எனக்கும் சேர்த்துச் செபம் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் அல்ஃபியா கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகத்திலேயே தெரிந்தது.

"அங்கிள், விரல் கதை முடிஞ்சிடுச்சி. இப்போ முழங்காலுக்குக் கீழே எடுக்கணும். கிருமி ரத்தத்துல ஏறிக்கிட்டிருக்கு. நாளைக்கு மூணு மணிக்கு ஆபரேஷன் இடம் வச்சிருக்கேன். ரெண்டு மணிக்கெல்லாம் கையெழுத்து வேணும்."

"இன்னும் நாலு நாள்தான் டாக்டர்."

"உங்களுக்கு நாலு நாள் இல்லை அங்கிள். உயிரோட இருக்க மாட்டீங்க."

நான் போடுகிறேன் கையெழுத்து, தாளைக் கொடுங்கள் என்றேன். முடியாதாம். அவர் சுயநினைவோடு இருக்கிறார், வேண்டாம் என்கிறார், அவர் வார்த்தைதான் சட்டமாம். முட்டாள்தனத்துக்கெல்லாம் சட்டம் காவலா என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், என் தோளைத் தொட்டார்.

பங்குச் சாமியார் பாதர் லெஸ்லிக்குப் போன் போட்டேன். உடனே வந்தார். டாக்டர் கையும் கடவுள் கைதான் என்று விளக்கினார். "நீ நேர்ந்துகிட்டதுலேர்ந்து உன்னை நான் விடுவிக்கிறேன், எனக்கு அந்த அதிகாரம் இருக்கு" என்று தலையில் கை வைத்தார். என் வீட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க விடுவிச்சிட்டீங்க பாதர், நன்றி. அக்காவும் சொல்லணுமே."

பாதர் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு அக்காவின் அடுக்குமாடிக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தேன். அக்கா மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். மேசைமேல் காலையில் ஊற்றிய கோப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

"அக்கா, உங்க நவநாள் என் புருஷனைக் கொல்லப் போகுது."

இதைச் சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாளை இரண்டு மணிக் கெடு, ரத்தத்தில் ஏறும் கிருமி எல்லாவற்றையும் கொட்டினேன். பதிலுக்கு நீளமாக ஏதாவது வரும், நானும் நீளமாகத் திட்டலாம் என்று தயாராக நின்றேன். அக்கா எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமையே தெரியும் ரீத்தா. அந்த வாசனை எனக்குத் தெரியும். அப்பா கால்லயும் அதே வாசனைதான். நாலே நாள்ல போயிட்டாரு."

பையைக் கீழே போட்டேன்.

"தெரிஞ்சுமா? அப்புறம் ஏங்கா சும்மா இருந்தீங்க?"

"நான் நிறுத்தினா என்ன ஆகும்? புனிதரே கைவிட்டுட்டாருன்னு பிரெட்டி நினைப்பான். அவன் படுத்துக்கிட்டு என் வாயைப் பார்த்துக்கிட்டே இருக்கான். அந்த நம்பிக்கையிலதான் தாக்குப் பிடிக்கிறான். அதை நான் எப்படிப் பிடுங்குறது?"

அழுதார். அழட்டும் என்று விட்டேன். எனக்குப் பரிதாபம் வந்தது, ஆனால் கோபத்தைத் தள்ளிவிட்டு வரும் அளவுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மணி நவநாள் சொல்லலாம். ஒன்பது நாளுக்குப் பதிலா ஒன்பது மணி நேரம். மணிக்கு ஒண்ணு. ரொம்ப அவசரம்னா அப்படிச் சொல்லலாம்னு தோட்டத்துக்கு வந்த கன்னியாஸ்திரி சொல்லிக் கொடுத்திருக்காங்க. அது முடிஞ்சா நவநாள் முடிஞ்ச கணக்கு. அவன் கையெழுத்துப் போடலாம்."

"இப்படி ஒண்ணு இருக்கா? இதை ஞாயித்துக்கிழமையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"ஞாயித்துக்கிழமை மனசு ஓரத்துல இன்னும் அதிசயம் நடக்கும்னு இருந்துச்சி ரீத்தா. இப்போ இல்லை."

சரி, அஞ்சு நாள் முடிந்துவிட்டது, மிச்சம் நாலுதானே, நாலு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றேன். அதெல்லாம் கூடாதாம். நாளையும் மணியையும் கலக்கக் கூடாதாம். முதலிலிருந்து ஒன்பதும் சொல்ல வேண்டுமாம். அலமாக்! மேலே இருப்பவர் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்ப்பாரா? ஆனால் வாதாட நேரமில்லை. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒன்பதாவது. டாக்டர் கொடுத்த கெடுவும் அதே இரண்டு மணி. ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை.

இன்னொரு இடைஞ்சல் இருந்தது. பார்வையாளர் நேரம் இல்லாதபோது நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம். அதற்கு ஒரு பாஸ், அது என் கழுத்தில் தொங்கியது. புதன்கிழமை விடியற்காலையில் அதைக் கழற்றி அக்காவின் கழுத்தில் மாட்டினேன். என் புருஷன் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாத நாளில் அவர் பக்கத்தில் நான் இல்லை. கீழே சிற்றுண்டிச்சாலையில் ஒரு கோப்பை மைலோவை வைத்துக்கொண்டு ஆறரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காமேல் வந்த எரிச்சலில் பாதி பொறாமை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பன்னிரண்டரைக்குப் பார்வையாளர்களுக்குக் கதவைத் திறந்ததும் ஓடினேன். பிரெட்ரிக்குக்குக் காய்ச்சல் கொதித்தது, உதடு வெடித்திருந்தது. அக்கா நாற்காலியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மீரா சாகிபுதான் விவரம் சொன்னார்.

"ஏழு முடிஞ்சிடுச்சிம்மா. நான் எண்ணிக்கிட்டுத்தான் வர்றேன். எட்டு மணிக்கு நர்ஸ் சத்தம் போட்டா, அதனால மெதுவாத்தான் சொன்னாங்க. ரெண்டு நாளா தூங்கலை போல."

ஒரு மணியானது. அக்கா எழவில்லை. நான் எழுப்பப் போவதற்குள் அந்தப் பெரியவர் கட்டில் கம்பியைத் தன் தண்ணீர்க் குவளையால் தட்டினார். "அம்மா, எட்டாவது! மணி ஆச்சி!" வெள்ளிக்கிழமை போர்வையை இழுத்து மூடிக்கொண்ட அதே மனுஷன்.

எட்டாவதும் முடிந்தது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் அல்ஃபியா தாளோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். காவலாளி பார்வையாளர்களை வெளியே போகச் சொல்லிக்கொண்டு வந்தார். "இன்னும் கொஞ்சம்" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அக்கா புத்தகத்தைத் திறந்தார். ஒன்பதாம் செபம். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். ஊர்ப் பூனைக்கெல்லாம் செபம் சொன்ன வாய் அது, தம்பியின் காலைப் பார்த்ததும் அடைத்துக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போதுமா, இந்த நேரத்திலுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் சொல்றேன்" என்றார் பிரெட்ரிக்.

இருபத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் வாய்விட்டுச் செபம் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணை மூடவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யூதா ததேயுவே, எனக்கு நல்லாச் சொல்ல வராது. இந்தக் கால் நிக்காதுன்னு எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும். அக்கா விடாம கேட்டுக்கிட்டிருந்தாங்க. ஊருக்கெல்லாம் கேட்டுக் கொடுத்தவங்க, சொந்தத் தம்பிக்குக் கேட்டது மட்டும் கிடைக்கலைன்னு ஆனா மனசு உடைஞ்சிடுவாங்கன்னு பேசாம இருந்துட்டேன். காலை எடுத்துக்குங்க. அக்கா மேல குத்தம் வைக்காதீங்க. ஆமென்." பிறகு தலையைத் திருப்பி, "டாக்டர், தாளைக் கொடுங்க" என்றார்.

கையெழுத்துக் கோணலாக விழுந்தது. டாக்டர் பேனாவை வாங்கிக்கொண்டு ஓடினார், கட்டிலைத் தள்ள இரண்டு பேர் வந்தார்கள்.

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். தம்பியின் நம்பிக்கை போய்விடக் கூடாது என்று அக்கா. அக்காவின் மனசு உடைந்துவிடக் கூடாது என்று தம்பி. ஞாயிற்றுக்கிழமையே ஒரு வார்த்தை பேசியிருந்தால் பாதத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். கடவுளிடம் அத்தனை நாள், அத்தனை மணி நேரம் பேசினார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இவர்களை என்ன செய்வது? கட்டிக்கொண்டு அழுவதா, ஆளுக்கு ஒன்று போடுவதா? எனக்கு இரண்டையும் செய்யத் தோன்றியது.

அவர் பிழைத்துக்கொண்டார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை. ஐந்தேகாலுக்கு டாக்டர் அல்ஃபியா முகமூடியை இறக்கிக்கொண்டு வந்து சொன்னார். ஆனால் அதற்கு முந்திய இரண்டு மணி நேரம் யாருக்குத் தெரிந்தது? ஆபரேஷன் அறைக்கு வெளியே நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் அக்காவும் இருந்தோம். எதிரே யார் யாரோ காத்திருந்தார்கள். நாலு மணி வாக்கில் அக்கா என் கையைப் பிடித்தார்.

"ரீத்தா, நீ ஒரு செபம் சொல்லு. எனக்கு வரலை."

"என்னையா? எனக்கு என்னக்கா தெரியும்?"

"தெரிஞ்சதைச் சொல்லு."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐந்து நாளாகத் தொண்டையில் நின்றிருந்தது அது. மேலே பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

"ஆண்டவரே, எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம். காலை எடுத்துக்கிட்டீங்க, சரி, வச்சிக்குங்க. ஆளைக் கொடுத்துடுங்க. முள்ளு குத்துனதை என்கிட்ட மறைச்சாரு. கால் போகும்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. அதுக்கெல்லாம் நான் அவரை இன்னும் ஒரு வார்த்தை கேக்கலை. வீட்டுல வச்சி நல்லாத் திட்டணும். அதுக்காவது அவரை அனுப்பி வைங்க."

எதிர் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அக்கா எழுந்து நின்று, அந்த நடைபாதை முழுக்கக் கேட்கும்படி "ஆமென்" என்றார்.